நகைச்சுவைத் துணுக்கும் நகைச்சுவைப் படமும்

திரைப்படம் எடுக்கத் துடிக்கும் ஓர் இளைஞர் தம் தந்தைக்குத் திகில் கதை சொல்கிறார். கதவு திறக்கும் ஓசையையும் காற்றின் ஓலத்தையும் காலடிச் சத்தத்தையும் அவரே வாயால் எழுப்புகிறார். கேட்டுக்கொண்டிருக்கும் தந்தையின் முகம் சிறிது சிறிதாக வெளிறிப்போகிறது. 'காதலிக்க நேரமில்லை' (1964) திரைப்படத்தில் நாகேஷும் பாலையாவும் நடித்த அந்தக் காட்சி, அறுபது ஆண்டுகளைக் கடந்தும் கைப்பேசிகளில் வலம்வந்துகொண்டிருக்கிறது. அதை அறியாத தமிழர் அரிது. ஆனால், அந்தப் படத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை பார்த்திருக்கிறீர்களா என்று இளைய தலைமுறையினரிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் தயக்கமே விடையாகக் கிடைக்கும்.

பழைய நகைச்சுவைப் படங்கள் இன்று நம்மை வந்தடைவது துணுக்குகளாகத்தான். மூன்று நிமிடக் காட்சி ஒன்று வருகிறது, சிரிக்கிறோம், அடுத்ததற்குத் தாவுகிறோம். இதில் என்ன குறை என்று கேட்கலாம். சிரிப்பதற்காக எடுக்கப்பட்டதைப் பார்த்துச் சிரித்தாயிற்று அல்லவா? அந்தக் கேள்விக்கு விடை காண வேண்டுமானால், நகைச்சுவைப் பகுதி வேறு, நகைச்சுவைப் படம் வேறு என்னும் அடிப்படை வேறுபாட்டை முதலில் உணர வேண்டும்.

தமிழ்த் திரையுலகில் நகைச்சுவைப் பகுதிக்கு நீண்ட மரபு உண்டு. மையக் கதை ஒருபுறம் செல்ல, அதனோடு ஒட்டியும் ஒட்டாமலும் நகைச்சுவை நடிகர்களுக்கென்று தனியே ஒரு கிளைக்கதை ஓடும். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் டி.ஏ.மதுரமும் இந்த முறையைச் செழுமைப்படுத்தினார்கள். தங்கள் பகுதியைத் தாங்களே அமைத்து, சமூகச் சீர்திருத்தக் கருத்துகளை அதில் பொதிந்து வைத்தார்கள். பிற்காலத்தில் கவுண்டமணி, செந்தில் இணை கோலோச்சியதும் இதே மரபின் வழியில்தான். 'கரகாட்டக்காரன்' (1989) படத்தின் வாழைப்பழக் காட்சியை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தாலும் அதன் சுவை குன்றுவதில்லை. தனித்து நிற்கும்படியாகவே அது கட்டப்பட்டது.

நகைச்சுவைப் படத்தின் இயல்பு வேறு. அங்கே கதையே நகைச்சுவை. பாத்திரங்களின் ஆசையும் அச்சமும் பொய்யும் ஒன்றோடொன்று மோதுவதிலிருந்து சிரிப்பு பிறக்கிறது. பத்தாம் நிமிடத்தில் ஊன்றிய விதை எழுபதாம் நிமிடத்தில் வெடிக்கும். தமிழில் இத்தகைய படங்கள் எண்ணிக்கையில் குறைவு. அந்தக் குறைவானவற்றையும் நகைச்சுவைப் பகுதிகளைப் பார்ப்பதுபோலவே நறுக்கிப் பார்க்கத் தொடங்கிவிட்டோம் என்பதுதான் இன்றைய சிக்கல்.

பாலையாவின் காட்சியையே எடுத்துக்கொள்வோம். அவர் ஏற்ற விசுவநாதன் பாத்திரம் வெறுமனே பயந்த சுபாவம் கொண்ட முதியவர் அல்ல. பணம் ஒன்றையே அளவுகோலாகக் கொண்ட செல்வர் அவர். மகனோ தந்தையின் பணத்தை நம்பிப் படநிறுவனம் தொடங்கிவிட்டவர். நிறுவனத்துக்குப் பெயர் இருக்கிறது, கதைதான் இல்லை. வீட்டில் எல்லோரையும் அதிகாரம் செய்யும் மனிதர், தாம் ஒரு பொருட்டாகவே மதிக்காத மகனின் கற்பனைக்கு முன்னால் சில நிமிடங்கள் செயலிழந்துபோகிறார். காட்சியின் உண்மையான சுவை இந்த அதிகார மாற்றத்தில் இருக்கிறது. இயக்குநர் ஸ்ரீதரும் சித்ராலயா கோபுவும் அதற்கான அடித்தளத்தை முந்தைய காட்சிகளிலேயே இட்டுவிட்டார்கள். துணுக்கில் நாம் காண்பது இரு மாபெரும் நடிகர்களின் திறமையை. படத்தில் காண்பது ஒரு குடும்பத்தை.

இந்த உண்மையை இன்னும் தெளிவாக உணர்த்துவது ஒரு பழைய அமெரிக்க மௌனப்படம். பஸ்டர் கீட்டன் நடித்து, கிளைடு புரூக்மனுடன் இணைந்து இயக்கிய 'தி ஜெனரல்' (1926). அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1862-இல், வடபகுதி உளவாளிகள் தென்பகுதியின் ரயில் என்ஜின் ஒன்றைக் கடத்திச் சென்றார்கள். அந்த உண்மை நிகழ்வைத் தழுவியது கதை. நாயகன் ஓர் என்ஜின் ஓட்டுநர். அவனுடைய அன்புக்குரியவை இரண்டு: ஒன்று அவனது என்ஜின், மற்றொன்று அவன் காதலி. போர் மூண்டதும் படையில் சேரப் போகிறான். சிப்பாயாக இருப்பதைவிட ஓட்டுநராக இருப்பதே நாட்டுக்குப் பயன் என்று கருதி அதிகாரிகள் அவனை மறுக்கிறார்கள். காரணத்தை மட்டும் அவனிடம் சொல்வதில்லை. அவன் கோழை என்று எண்ணிய காதலி, சீருடை அணியும்வரை தன்னோடு பேச வேண்டாம் என்கிறாள்.

மனம் உடைந்தவன் என்ஜினின் சக்கரங்களை இணைக்கும் தண்டின்மீது அமர்கிறான். அவனை அறியாமல் என்ஜின் நகரத் தொடங்குகிறது. தண்டு மேலும் கீழுமாக எழுந்து தாழ, அவனும் அதனோடு எழுந்து தாழ்கிறான். அமர்ந்த நிலை மாறவில்லை. முகத்தில் சலனம் இல்லை. கொட்டகைக்குள் நுழையும் தருணத்தில்தான் தன் நிலையை உணர்கிறான். இந்தச் சில நொடிகளைத் துணுக்காகப் பார்ப்பவருக்கு அது வேடிக்கையான ஒரு வித்தை, புன்னகைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். முன்கதை அறிந்தவருக்கோ, உலகம் தன்னை ஏற்றி இறக்குவதைக்கூட உணராத அளவு துயரத்தில் ஆழ்ந்த மனிதன் அவன். சிரிப்பும் இரக்கமும் ஒருசேர எழுகின்றன. காட்சி ஒன்றுதான், அனுபவம் இரண்டு.

அந்தப் படத்தின் அமைப்பே முழுமையை வேண்டி நிற்பது. முதற்பாதியில் நாயகன் தன் என்ஜினைத் துரத்திக்கொண்டு வடக்கே செல்கிறான். பிற்பாதியில் அதை மீட்டுக்கொண்டு தெற்கே தப்பி ஓடுகிறான். போகும்போது பகைவர்கள் அவனுக்குச் செய்த இடையூறுகளை, திரும்பும்போது அவன் அவர்களுக்குச் செய்கிறான். முன்பாதியை நினைவில் வைத்திருப்பவருக்கே பின்பாதியின் சிரிப்பு முழுதாகக் கிட்டும்.

நம்மிடமும் அதற்கு நிகரான சான்று இருக்கிறது. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்த 'பேசும் படம்' (1987). ஓசைகள் உண்டு, உரையாடல் இல்லை. பேச்சு இல்லாததால் மொழிமாற்றமும் தேவைப்படவில்லை. ஒவ்வொரு மாநிலத்திலும் ஒவ்வொரு பெயரில் அது வெளியானது. வேலையற்ற ஏழை இளைஞன் ஒருவன், குடிபோதையில் தெருவில் கிடக்கும் செல்வர் ஒருவரின் நட்சத்திர விடுதி அறையைத் தனதாக்கிக்கொள்கிறான். மெத்தை இருக்கிறது, குளிர்சாதனம் இருக்கிறது. ஆனால் உறக்கம் வரவில்லை. அவன் குடியிருந்த அறை திரையரங்கை ஒட்டியது. சண்டைக்காட்சிகளின் இரைச்சலில் உறங்கிப் பழகியவனை விடுதியின் அமைதி வாட்டுகிறது. எனவே அந்த இரைச்சலை ஒலிநாடாவில் பதிந்துவந்து, ஓடவிட்டு உறங்குகிறான். தனியே பார்த்தால் இது ஒரு குறும்பு. முன்னர் அவன் குடியிருப்பின் நெரிசலைக் கண்டவருக்கு, வறுமை ஒருவனின் உறக்கத்தைக்கூட எப்படி வடிவமைத்துவிடுகிறது என்பது புலப்படும். சிரிக்கவைத்துக்கொண்டே சமூக விமர்சனம் செய்வது இதுதான்.

முழுமையாகப் பார்க்க முனைபவர்களுக்கும் ஒரு தடை உண்டு. பழைய நகைச்சுவைப் படங்கள் மெதுவாக நகர்கின்றன என்பது பொதுவான குறை. இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அவை தனியாக ஒருவர் பார்ப்பதற்காக எடுக்கப்பட்டவை அல்ல. நூற்றுக்கணக்கானோர் கூடியிருக்கும் அரங்குக்காக எடுக்கப்பட்டவை. ஒரு நகைச்சுவை வெடித்ததும் அரங்கு அதிரும். அந்த அதிர்வு அடங்குவதற்குள் அடுத்த வசனம் வந்துவிட்டால் யாருக்கும் கேட்காது. எனவே சிரிப்புக்கென்று இடைவெளி விடப்பட்டது. மார்க்ஸ் சகோதரர்கள் 'எ நைட் அட் தி ஓபரா' (1935) படத்தை எடுப்பதற்கு முன்பு, அதன் காட்சிகளை ஊர் ஊராக மேடையில் நடித்துக்காட்டி, எங்கே எவ்வளவு நேரம் சிரிப்பு எழுகிறது என்று அளந்து, அதற்கேற்பப் படத்தை அமைத்தார்கள். ஹெரால்டு லாயிடு தம் படங்களை வெளியீட்டுக்கு முன்பே பொதுமக்களுக்குத் திரையிட்டு, சிரிப்பு எழாத இடங்களைத் திருத்தினார். காலியான அறையில் ஒருவர் தனியே பார்க்கும்போது அந்த இடைவெளிகள் வெறுமையாகத் தோன்றுவதில் வியப்பில்லை. நான்கு பேர் சேர்ந்து பார்த்தால் அதே படத்தின் வேகம் மாறிவிடும்.

தொழில்நுட்பப் பிழைகளும் நம் கண்ணை ஏமாற்றுகின்றன. மௌனப்பட மாந்தர்கள் பொம்மைகளைப்போல வெடுக்வெடுக்கென்று நடப்பதாக ஓர் எண்ணம் பரவியிருக்கிறது. அன்றைய மனிதர்கள் அப்படி நடக்கவில்லை. மௌனப்படங்கள் பல, நொடிக்கு 16 முதல் 20 படச்சட்டங்கள் என்ற அளவில், பெரும்பாலும் கையால் சுழற்றப்பட்ட கருவிகளில் பதிவானவை. பேசும்படக் காலத்தில் நொடிக்கு 24 சட்டங்கள் என்பது நிலைபெற்றது. பழைய சுருளைப் புதிய வேகத்தில் ஓட்டினால் நடை ஓட்டமாகத்தானே தெரியும்? அதுபோலவே, பழைய படங்களின் சட்டகம் ஏறக்குறைய சதுரமானது. இன்றைய அகலத் திரையை நிரப்புவதற்காக அதை இழுத்தால் மனிதர்கள் குட்டையாவார்கள். மேலும் கீழும் வெட்டினால் தலையும் பாதமும் போய்விடும். கீட்டனுக்கும் சாப்ளினுக்கும் பாதி நடிப்பு கால்களில் இருக்கிறது. அதை வெட்டி எறிந்துவிட்டு, இதில் என்ன இருக்கிறது என்று கேட்பது முறையாகாது. உரிய வேகத்திலும் உரிய சட்டகத்திலும் புதுப்பிக்கப்பட்ட பிரதியைத் தேடிப் பார்ப்பது நல்லது.

வழக்கத்துக்கு மாறான நகைச்சுவைப் படங்களுக்கு இன்னொரு துன்பமும் நேர்கிறது. அவை வெளியாகும் காலத்தில் பெரும்பாலும் தோற்றுப்போகின்றன. சிரிப்பு என்பது எதிர்பார்ப்பைச் சார்ந்தது. எதிர்பார்த்த இடத்தில் எதிர்பார்த்த வகையில் சிரிப்பு வராதபோது மக்கள் ஏமாற்றம் அடைகிறார்கள். சிங்கீதம் சீனிவாசராவும் கமல்ஹாசனும் இணைந்த 'மும்பை எக்ஸ்பிரஸ்' (2005), 'சந்திரமுகி' வெளியான அதே நாளில் திரைக்கு வந்து பின்தங்கியது. இன்று அதன் இருண்ட நகைச்சுவையை வியந்து பேசுவோர் இருக்கிறார்கள்.

'தி ஜெனரல்' படத்துக்கு நேர்ந்ததும் இதுவே. பெரும்பொருட்செலவில், உண்மையான ரயில் என்ஜினையே எரியும் பாலத்திலிருந்து ஆற்றில் வீழ்த்தி எடுக்கப்பட்ட படம் அது. அன்றைய விமர்சகர்கள் பலர் அதைச் சலிப்பூட்டுவது என்றார்கள், வசூலும் கைவிட்டது. கீட்டன் 1928-இல் பெரிய நிறுவனம் ஒன்றில் ஒப்பந்த நடிகராகச் சேர்ந்து, தம் படைப்புச் சுதந்திரத்தை இழந்தார். மதுப்பழக்கம் அவரைச் சிதைத்தது. 1933-இல் அந்த நிறுவனமும் அவரை வெளியேற்றியது. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து, ஒருகாலத்தில் கீட்டனுக்குச் சொந்தமாக இருந்த மாளிகையை வாங்கிய நடிகர் ஜேம்ஸ் மேசன், அங்கே கிடந்த பழைய படச்சுருள்களைக் கண்டெடுத்தார். நைந்துகொண்டிருந்த அவை பாதுகாப்பான சுருள்களுக்கு மாற்றப்பட்டன. படங்கள் மீண்டும் திரையிடப்பட்டன. 1965-இல் வெனிஸ் திரைப்பட விழாவில் அரங்கமே எழுந்துநின்று கீட்டனுக்குக் கரவொலி எழுப்பியது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அவர் மறைந்தார். 1989-இல் அமெரிக்கா பாதுகாக்கத்தக்க படங்களின் தேசியப் பதிவேட்டைத் தொடங்கியபோது, முதல் 25 படங்களுள் 'தி ஜெனரல்' இடம்பெற்றது. சுருள்கள் தப்பிப் பிழைத்ததால்தான் அந்த மறுமதிப்பீடு இயன்றது.

பழையவை அனைத்தும் பொன் என்று வாதிடுவது நோக்கமன்று. பழைய நகைச்சுவைகள் பலவற்றில் நிறத்தையும் உடலையும் திக்குவாயையும் எள்ளி நகையாடும் போக்கு மலிந்திருக்கிறது. கீட்டனே 'காலேஜ்' (1927) படத்தில் முகத்தில் கரிபூசிக் கறுப்பினத்தவராக வேடமிட்டார். 'தி ஜெனரல்' படத்தின் நாயகன், அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தரப்பைச் சேர்ந்தவன். படமோ அந்தக் கொடுமையைப் பற்றி வாய்திறப்பதில்லை. இவற்றைக் கண்டு முகம் சுளிப்பது இயல்பு, சுளிக்கவும் வேண்டும். நம் முன்னோர் எதைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று அறிவது, அவர்கள் எதைச் சரியென்று எண்ணினார்கள் என்பதை அறிவதற்கு நேர்வழி.

ஆனால், இந்த மதிப்பீட்டைச் செய்வதற்கும் முழுமையான பார்வை தேவை. தொல்காப்பியம் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலில் வைக்கிறது. அதன் நிலைக்களன்களாக நான்கைக் கூறுகிறது. எள்ளல் அவற்றுள் ஒன்று, பேதைமை மற்றொன்று. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தைத் தழுவி ஏவி.மெய்யப்பன் தயாரித்த 'சபாபதி' (1941), உலகப்போர் கீழைக்கடல்களை எட்டிய அதே டிசம்பரில் வெளியாகி மக்களைச் சிரிக்கவைத்தது. டி.ஆர்.ராமச்சந்திரன் செல்வர் வீட்டுப் பிள்ளை, காளி என்.ரத்தினம் அவருடைய வேலைக்காரர். இருவர் பெயரும் சபாபதி. வேலைக்காரர் எதையும் சொல்லுக்குச் சொல் பொருள்கொண்டு சொதப்பும் காட்சிகளைத் துணுக்காகப் பார்ப்பவர், ஓர் ஏழையின் அறியாமையை எள்ளிச் சிரித்துவிட்டுப் போவார். படத்தை முழுவதும் பார்ப்பவரோ, முதலாளிப் பிள்ளையும் தேர்வில் தேறாதவர் என்பதையும், பேதைமை இருவருக்கும் பொது என்பதையும் காண்பார். பெயர் ஒன்று, பேதைமை ஒன்று. இடையில் இருப்பது பணம் மட்டுமே. படத்தின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. துணுக்கு அதை மழுங்கடித்து, வெறும் எள்ளலை மட்டும் மிச்சம் வைக்கிறது.

இது இரசனை சார்ந்த கேள்வி மட்டுமன்று. அழிவைப் பற்றிய கேள்வியும்கூட. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் எடுக்கப்பட்ட ஏறத்தாழ 11 ஆயிரம் முழுநீள மௌனப்படங்களில் 14 விழுக்காடு மட்டுமே அசல் வடிவில் எஞ்சியிருக்கின்றன. நம் நிலை இன்னும் மோசம். தென்னிந்தியாவின் முதல் மௌனப்படமான நடராஜ முதலியாரின் 'கீசகவதம்' இன்று இல்லை. முதல் தமிழ்ப் பேசும்படம் எனப் போற்றப்படும் 'காளிதாஸ்' (1931) படத்தின் பிரதியும் கிடைக்கவில்லை. அக்கால நைட்ரேட் சுருள்கள் எளிதில் தீப்பற்றுபவை. வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்துபோபவை. அவற்றிலிருந்த வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காக அழிக்கப்பட்டவையும் உண்டு. 1964-இல் புணேயில் தொடங்கப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும், அதை வளர்த்தெடுத்த பி.கே.நாயரின் வாழ்நாள் உழைப்பும் இல்லாவிட்டால் எஞ்சியவையும் எஞ்சியிருக்காது. அந்தக் காப்பகத்தின் நைட்ரேட் சுருள்களிலும் பல 2003-இல் நேர்ந்த தீவிபத்தில் கருகின.

ஒரு படத்தைப் புதுப்பிப்பதற்கு உழைப்பும் பணமும் வேண்டும். யாரேனும் பார்ப்பார்கள் என்ற நம்பிக்கை இருந்தால்தான் உரிமையாளர்கள் அந்தச் செலவுக்கு முன்வருவார்கள். மூன்று நிமிடத் துணுக்கே போதும் என்று நாம் முடிவுசெய்துவிட்டால், எஞ்சிய இரண்டரை மணிநேரத்தைப் பாதுகாக்க வேண்டிய தேவையை எவரும் உணர மாட்டார்கள். புகழ்பெற்ற காட்சி மட்டும் மங்கலான பிரதியில் உயிர்த்திருக்கும். அதைத் தாங்கிநின்ற படம் மறைந்துபோகும். மேலும், துணுக்காக வெட்டுவதற்கு வாகான காட்சி இல்லாத படங்கள், அவை எவ்வளவு சிறந்தவையாயினும், யாருடைய நினைவிலும் இல்லாமல் முதலில் அழியும்.

செய்யக்கூடியவை எளியவை. பள்ளி, கல்லூரித் திரைப்பட மன்றங்களும் பொது நூலகங்களும் மாதம் ஒரு பழைய நகைச்சுவைப் படத்தை முழுமையாகத் திரையிடலாம். 'பேசும் படம்' போன்ற படத்துக்கு மொழித்தடையே இல்லை. 'தி ஜெனரல்' படத்தைக் காண்பதற்குச் சில வரி எழுத்துகளைப் படித்தால் போதும். தொலைக்காட்சி நிறுவனங்கள் பழைய படங்களின் சட்டகத்தைச் சிதைக்காமல் ஒளிபரப்பலாம். துணுக்குகளை வெளியிடும் உரிமையாளர்கள், முழுப்படத்தின் நல்ல பிரதியை எங்கே காணலாம் என்பதையும் அதனுடன் தெரிவிக்கலாம்.

வீட்டிலும் தொடங்கலாம். ஒரு விடுமுறை மாலையில் கைப்பேசிகளை ஒதுக்கிவைத்துவிட்டு, மூன்று தலைமுறையினரும் சேர்ந்தமர்ந்து 'காதலிக்க நேரமில்லை' படத்தைத் தொடக்கத்திலிருந்து பார்க்கலாம். பாலையா அஞ்சி நடுங்கும் அந்தக் காட்சி வரும்போது, முன்பே பலமுறை பார்த்ததுதானே என்று எவரும் எழுந்துபோக மாட்டார்கள். அவர் ஏன் அஞ்சுகிறார் என்பது அப்போது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.